டோக்கன் கொடுக்கும் வேலையா இது?

"சிகிச்சை உள்ள நடக்குது. வெளியில உக்காந்திருக்கவங்க டோக்கனைக் கொடுத்து, பீஸை வாங்கிப் போட்டா போதும்." 17 ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டடத்தை வாடகைக்கு விட்டவர் சொல்லியிருக்கிறார். என் கூடப்பிறந்த அண்ணன் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு மென்பொருள் விற்க வந்த இளைஞர் ஒருவர், மாதச் சந்தா கட்டினால் வெளி மேசைக்கு ஆளே வேண்டாம் என்று, அந்த மேசையில் உட்கார்ந்திருந்த என்னிடமே லேப்டாப்பைத் திறந்து விளக்கினார். அவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஊர் நம்புவதைத்தான் அவரும் நம்பினார்.

தென்மாவட்டத்து நகரம் ஒன்றில், மனநல மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நான் அலுவலக மேலாளர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்த கிளினிக் என்று பத்துப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினோராவது ஆள் அங்கே வரத் தயங்குவார். கீழே வரும் மனிதர்களின் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பி.காம். முடித்து நகைக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். சேர்ந்த அன்று பீஸ் எவ்வளவு, ஃபைல் எந்த அலமாரியில், டாக்டர் எத்தனை மணிக்கு டீ குடிப்பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

மனநல மருத்துவத்தில் சிகிச்சை டாக்டரின் அறைக்கதவுக்கு உள்ளே தொடங்குவதில்லை. போன் மணி அடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வெளி மேசையில் நடக்கும் தவறு நோயாளியின் உடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் குலைக்கும், சில வேளைகளில் உயிரையே வாங்கும். எழுத்தர் வேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இடம் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "சனிக்கிழமை வரைக்கும் டோக்கன் முடிஞ்சிருச்சு, திங்கக்கிழமை வாங்க." சொல்லி முடிக்க இரண்டு நொடி ஆகாது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வந்து சேர்வதில்லை என்று சொன்னது. மிச்சமிருக்கும் சிலர் எத்தனையோ பேச்சையும் கூச்சத்தையும் தாண்டி, கோயில், குறி, மந்திரிப்பு என்று அலைந்து முடித்து, கடைசியில் ஒரு போன் போடுகிறார்கள். அந்த போனை எடுப்பவர் டாக்டர் இல்லை. நான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அடுத்தடுத்து இரண்டு அழைப்புகள். முதலில் பேசியவர் வங்கி ஊழியர். குரல் நடுங்கியது, பேச்சில் அவசரம். ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்றார். அடுத்து பேசியவர் ஓர் இளைஞர். பேச்சில் எந்தப் பதற்றமும் இல்லை. "மேடம், எந்தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து பத்து நாளாச்சு. ரெண்டு நாளா தூங்க மாட்டேங்குது. இது எம்புள்ளை இல்ல, யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்லிட்டிருக்கு. ஒடம்பு அசதின்னு அம்மா சொல்றாங்க. அடுத்த வாரம் எப்ப வரலாம்?"

குரலை மட்டும் கேட்டு முடிவெடுப்பவர் வங்கி ஊழியரை அன்றே வரச் சொல்லி, அந்தத் தங்கைக்கு அடுத்த வாரம் டோக்கன் போட்டிருப்பார். நியாயமாகவும் தோன்றும், கேட்ட நாளைத்தானே கொடுத்தோம். ஆனால் பிரசவம் ஆன முதல் இரண்டு வாரங்களுக்குள் தூக்கமே இல்லாமல் போய், பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசத் தொடங்கினால், அது அசதி இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயாக இருக்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வரும். தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலை. சிகிச்சை கிடைத்தால் நன்றாகவே குணமாகும். "அடுத்த வாரமெல்லாம் வேண்டாம் தம்பி. இப்பவே கூட்டிட்டு வாங்க. புள்ளையும் தங்கச்சியும் தனியா இருக்க வேண்டாம், கூட யாராவது இருக்கட்டும்" என்று சொல்லி, உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அந்த இளைஞரிடம் தானே பேசினார். வங்கி ஊழியருக்குத் திங்கட்கிழமை இடம் கொடுத்தேன். அதுவரை இரவில் பதற்றம் கூடினால் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம் என்றும் சொன்னேன். அவரும் ஏற்றுக்கொண்டார்.

இது எனக்குப் பிறவியிலேயே தெரிந்ததா? இல்லை. எங்கள் டாக்டர் ஒரு தாளில் ஏழெட்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். பிரசவம் ஆகி எத்தனை நாள்? சாப்பிட்டு, தூங்கி எத்தனை நாள்? மருத்துவமனையில் சேர்ந்து அண்மையில் வீடு திரும்பியவரா? வயதானவர் ஒருவருக்குத் திடீரென்று ஒரே இரவில் ஆள் அடையாளம் தெரியாமல் போனால் நம்மிடம் வர வேண்டாம். காய்ச்சலோ கிருமித் தொற்றோ உப்புச் சத்துக் குறைவோ இருக்கலாம், உடனே பொது மருத்துவமனைக்கு அனுப்பு. இப்படி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இன்றும் இருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஆனால் அதை அவர் எழுதித் தந்தது நான் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த ஆறு ஆண்டுகளில் யார் யாருக்கெல்லாம் அடுத்த வாரம் என்று சொன்னேனோ. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி போனில் பேசுவது. பல் டாக்டரிடம் முன்பதிவு செய்தவர் வரவில்லை என்றால் அங்கே இருக்கும் பெண் அவர் வீட்டுக்கு போன் போட்டு, "கிளினிக்லேருந்து பேசறோம், இன்னைக்கு வர்றீங்களா?" என்று கேட்பார். மாமியார் எடுத்தாலும் மைத்துனர் எடுத்தாலும் குடி முழுகிப்போகாது. எங்களிடமிருந்து அதே போன் போனால் கதை வேறு.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் நான் அதைத்தான் செய்தேன். கல்யாணமாகி ஓராண்டு ஆன பெண். தாயோடு வருவார். கை வேர்த்து, நெஞ்சு படபடத்து, கூட்டத்தில் நிற்க முடியாத கவலை நோய். நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். ஒரு தவணை வரவில்லை. என்ன ஆயிற்றோ என்ற அக்கறையில் ஃபைலில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் மாமியார். எங்கிருந்து என்று கேட்டார். கிளினிக்கின் முழுப்பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரிலேயே மனநலம் என்ற சொல் இருக்கிறது. மறுமுனையில் பேச்சு நின்றுபோனது. ஆறேழு மாதம் கழித்து அந்தத் தாய் மட்டும் ஒரு சான்றிதழ் வாங்க வந்தார். என்னைத் திட்டவில்லை. "நீ வேணும்னு செய்யல தாயி. எம்மக இப்ப எங்கூடத்தான் இருக்கா" என்றார். சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து புதிதாக வருபவர்களுக்கான படிவத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். எந்த எண்ணில், எந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? இந்த இரண்டு கேள்வியையும் கேட்டவுடன் பலருக்கு முகம் இளகுகிறது. வரும் பதில்களைப் பாருங்கள்: "வெள்ளிக்கிழமை பகலில் மட்டும்." "உங்க பேரை மட்டும் சொல்லுங்க, எனக்குப் புரியும்." "கூப்பிடவே வேண்டாம், நானே வருவேன்." "அண்ணன் எடுத்தா சொல்லலாம், அண்ணி எடுத்தா வச்சுடுங்க."

இப்போது அந்த மென்பொருள் இளைஞரிடம் வருகிறேன். அவருடைய செயலி, முன்பதிவுக்கு முதல்நாள் காலை ஒன்பது மணிக்குத் தானாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பும். நோயாளியின் பெயர், கிளினிக்கின் பெயர், நேரம் எல்லாம் அதில் வரும். "போன் பூட்டியிருந்தாலும் திரையில தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். தெரியும் என்றார். அந்த நேரத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் போன் பிள்ளையின் கையில் இருக்கும், கணவரின் கையில் இருக்கும், சார்ஜில் போட்டு நடுக்கூடத்தில் இருக்கும். அவர் யோசித்துவிட்டு, இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். கணக்குக்கும் ஃபைல் தேடுவதற்கும் நானும் கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் எந்த வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்பதை முதலில் ஒரு மனிதர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளே வேண்டாம் என்பவர்கள் அந்தக் கேள்வியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் இந்த இரகசியத்தின் கனம் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கடினம். சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இலிருந்து தொடங்குகிறது. அங்கே பல்லாயிரம் பேர் குணமாகிப் போயிருக்கிறார்கள். ஆனாலும் தமிழில் அந்த இடத்தின் பெயர் இன்னும் வசைச் சொல்லாகத்தான் புழங்குகிறது. பேருந்தில், பள்ளிக்கூடத்தில், சினிமாவில் எங்கும். அப்படிப்பட்ட சமூகத்தில், மாதம் ஒரு முறையாவது எங்கள் மேசைக்கு ஒரு விசாரணை வந்துவிடும். "எங்க பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கோம். அந்தப் பையன் இங்க காட்டறாகன்னு ஒரு பேச்சு. ஆமாவா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்மா. எங்களுக்கும் ஒரே பொண்ணு." கேட்பவர் கெட்டவர் இல்லை. பெண்ணைப் பெற்றவரின் பயம் அது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பையன் எங்களிடம் வராதவராக இருந்தால், "அப்படி யாரும் வரலைங்க" என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மைதானே, அவருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். சொல்லக் கூடாது. இன்று வராதவருக்கு "வரவில்லை" என்று சொன்னால், நாளை வருபவர் ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது "சொல்ல முடியாது" என்பதே "ஆமாம்" ஆகிவிடும். எனவே எல்லோருக்கும், எப்போதும், ஒரே பதில்: "இங்க யார் வந்தாலும் வராட்டியும் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்கய்யா." குரலில்கூட ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. பீஸ் வாங்கிப் போடுகிற வேலைக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்கிறீர்களா?

கணவர்கள் வருவார்கள், மனைவியின் ஃபைலை நகல் எடுக்க. மனைவிகளும் வருவார்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. எனவே வழக்கறிஞர்களுக்கு அந்தக் காகிதம் தேவைப்படுகிறது. "நான்தானே பீஸ் கட்டறேன், எனக்குக் காட்ட மாட்டியா?" என்று மேசையைத் தட்டியவர்கள் உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தன் 23-ஆம் பிரிவில் இந்த இரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. 25-ஆம் பிரிவு தன் மருத்துவ ஆவணத்தைப் பார்க்கும் உரிமையை அந்த நோயாளிக்குக் கொடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கும் கடமையை யார் மீது வைக்கிறது? சிகிச்சை தரும் மருத்துவத் துறை வல்லுநர்கள் மீது. ஃபைலை அலமாரியிலிருந்து எடுப்பவரைப் பற்றி அந்தப் பிரிவு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கணவர் டாக்டரின் மேசையைத் தட்டுவதில்லை, என் மேசையைத்தான் தட்டுகிறார். ஊரின் நினைப்பு சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காத்திருக்கும் அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் சொல்லிக் கூப்பிடுவது, செய்திச் சேனலை அணைத்து வைப்பது, பள்ளி ஆசிரியையும் அவர் வகுப்புப் பிள்ளையின் தாயும் ஒரே மணிக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் அன்றாட வேலை. ஒரு முறை ஒரு நடுவயதுக்காரர் உட்காரவே மறுத்தார். கூரையில் இருந்த சிசிடிவி கேமராவையே பார்த்தபடி சுவரோரம் நின்றார். கூட வந்த தம்பி, "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, சும்மா உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர் இன்னும் விறைத்தார். நான் பக்கத்தில் போய் மூன்றடி தள்ளி நின்று சொன்னேன்: "அது கேமராதான் அண்ணே. படம் மட்டும் விழும், பேச்சு விழாது. பதினஞ்சு நாள்ல அழிஞ்சிரும். இந்த நாற்காலி அதுல தெரியாது, வேணும்னா வந்து பாருங்க." மேசைக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். நாற்காலி அதில் இல்லை. போய் உட்கார்ந்தார். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நம்பும் மனிதரிடம் பொய் சொல்லவும் கூடாது, வாதாடவும் கூடாது. அன்று அவர் வாசலோடு திரும்பிப் போயிருந்தால் மறுபடி அழைத்து வர எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

மருத்துவர்கள் சொல்லும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. "இதெல்லாம் கத்துக்கொடுத்தா வெளியில இருக்கவங்க குட்டி டாக்டர் ஆயிருவாங்க. மாத்திரை சொல்ல ஆரம்பிப்பாங்க, கவுன்சலிங் பண்ண ஆரம்பிப்பாங்க" என்கிறார்கள். அவர்கள் பயப்படுவது நடந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். மனச்சோர்வில் கிடப்பவரிடம் "நாலு இடம் போய் வாங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். தூக்கம் அதிகமாக இருக்கிறது என்றவரிடம் "பாதி மாத்திரை போடுங்க" என்ற கம்பவுண்டரைத் தெரியும். ஆனால் அவர்கள் இருவருக்கும் யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுக்கொடுக்காததால்தான் அப்படிப் பேசினார்கள்.

க்ளோசபின் என்று ஒரு மருந்து. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. அரிதாகச் சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் கூப்பிட்டார். "கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம் தாயி. மாத்திரையை எடுத்துட்டுப் போக மறந்துட்டோம். மூணு நாளா குடுக்கல. இப்பத்தான் வந்தோம். எப்பவும்போல ராத்திரி மூணு மாத்திரையைக் குடுத்துரட்டா?" மிகச் சாதாரணமான கேள்வி. "குடுங்கம்மா" என்று சொல்லிவிடலாம். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் க்ளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பு வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "குடுக்காதீங்கம்மா. போனை வைங்க, பத்து நிமிஷத்துல டாக்டரே கூப்பிடுவார்." அளவை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வி டாக்டரிடம் இந்த நிமிடமே போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. குட்டி டாக்டர் ஆகாமல் என்னைத் தடுத்தது அந்தப் பயிற்சிதான்.

பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம் இன்னொன்று. 2014 முதல் ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருப்பதால் மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பழைய சீட்டோடு வந்து, "ஒரு சீல் மட்டும் வச்சுக் குடுங்க மேடம்" என்று கேட்பவர்கள் தினமும் உண்டு. வைக்கக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டவரை வெறுங்கையோடு விரட்டினாலும், திடீரென்று மருந்து நின்று வலிப்பு வரக்கூடும். ஆக, சீலும் வைக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க இடம் உண்டாக்க வேண்டும்.

டோக்கன் கொடுக்கும் வேலைதானே என்ற பார்வைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பாராட்டாக வரும். "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசும்மா, அதான் இந்த வேலையைச் செய்ய முடியுது." அன்போடு சொல்கிறார்கள், கையெடுத்துக் கும்பிட்டே சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. இங்கே பேசுகிறேன். அந்த மாமியார் வீட்டுக்கு நான் போன் செய்தது நல்ல மனசினால்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டுத்தான் எண்ணைச் சுழற்றினேன். நல்ல மனசு ஒரு குடும்பத்தை உடைத்தது. அன்று எனக்குக் குறைவாக இருந்தது மனசு இல்லை, வேலை அறிவு. நல்ல மனசு என்று சொல்லிவிட்டால் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை, சம்பளம் உயர்த்த வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து கிளினிக்குகளில் இந்த மேசைக்குக் கொடுப்பது துணிக்கடை விற்பனைப் பெண்ணின் சம்பளம். ஆண்டுக்கு இரண்டு பேர் மாறுகிறார்கள். இன்று வந்தவருக்கு "அண்ணன் எடுத்தா சொல்லலாம், அண்ணி எடுத்தா வச்சுடுங்க" என்பது எப்படித் தெரியும்?

தனி மருத்துவர் நடத்தும் சின்ன கிளினிக்குக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பார்கள். ஏழெட்டு வரி எழுதிய ஒரு தாளுக்கு என்ன செலவு? நாள் முடிவில் பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்று யார் வரவில்லை, யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடக் கூடாது என்று பேசுவதற்கு என்ன செலவு? சேரும் நாளிலேயே இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவதற்கு ஒரு காகிதம் போதும். சம்பளத்துக்குத்தான் பணம் வேண்டும். ஏசிக்கும் வாசல் பலகைக்கும் கிடைக்கிற பணம் இதற்கு மட்டும் கிடைக்காதா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை பகலில் கல்லூரி மாணவர் ஒருவர் கூப்பிட்டார். மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. "அக்கா, நாளைக்கு டோக்கனை அடிச்சிருங்க. இனிமே தேவைப்படாது. ரொம்ப தேங்க்ஸ்க்கா." குரல் தெளிவாக இருந்தது, அவரிடம் அதுவரை நான் கேட்காத நிம்மதி அதில் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாளிலும் அது இருந்தது. டோக்கனை அடிக்கவில்லை. "சரி தம்பி, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, நோட்டைப் பாக்கறேன்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, துணைக்கு இருந்த பெண்ணிடம் சைகை காட்டி டாக்டரை வெளியே வரவைத்தேன். போனை அவரிடம் கொடுத்தேன். 40 நிமிடம் பேசினார். அதற்குள் இன்னொரு போனில் நான் அந்த மாணவரின் அப்பாவைப் பிடித்தேன். படிவத்தில் "எப்ப வேணாலும் கூப்பிடலாம்" என்று அவர் எழுதியிருந்த எண் அது. அந்த மாணவர் இன்று வேலையில் இருக்கிறார்.

எல்லா முறையும் அப்படி அமைவதில்லை. ஒரு வியாழக்கிழமைக்குக் குறித்துவைத்திருந்த பெயரை நோட்டில் என் கையால் அடித்திருக்கிறேன். ஃபைலை எடுத்துப் பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். டாக்டருக்குப் பேச சக மருத்துவர்கள் இருந்தார்கள். வெளி மேசையில் இருப்பவரிடம், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. டோக்கன் கொடுப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்.

விதிகளை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: 23-ஆம் பிரிவின் கடமையை ஃபைலைத் தொடும் ஒவ்வொருவர் மீதும் வையுங்கள், கடமையோடு சேர்த்துப் பயிற்சியையும் கட்டாயமாக்குங்கள். மனநல மருத்துவர்களே, உங்களிடம் இன்னொன்று. இந்த வாரம் ஒரு நாள், உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரின் போனிலிருந்து உங்கள் கிளினிக் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். தங்கைக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது, இரண்டு நாளாகத் தூங்கவில்லை, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள், அடுத்த வாரம் எப்போது வரலாம் என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று கடைசி வரை கேட்டுவிட்டு போனை வையுங்கள்.